பஞ்சு திரும்பும் வரை

இப்போது தீக்காவலுக்குப் போகிற பிள்ளைகளின் கைபேசிக்கு வானத்திலிருந்தே தகவல் வந்துவிடுகிறது. எந்த மலை, எந்தச் சரிவு என்று படம் போட்டுக் காட்டுகிறது. போன மாசியில் நான்கு பேர் கச்சிராயபாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். காக்கி இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஆயா, நீங்க மோந்து பார்த்தே எந்தப் பக்கம் பத்திக்கினு இருக்குதுன்னு சொல்லிடுவீங்களாமே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மூக்கு இருக்கிற யாரும் சொல்லலாம். உங்க மூக்கு போனுக்குள்ள இருக்குது" என்றேன். சிரித்தார்கள்.

அப்புறம் இன்னொருத்தன் கேட்டான். "அந்தக் காலத்துல மலைக்காரங்களே காட்டுக்கு நெருப்பு வெப்பாங்களாமே. அவங்கள எப்பிடிங்க புடிச்சீங்க?"

டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போகும். போகட்டும், எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் பூங்காவனம். பிறந்தது எலவனாசூர்கோட்டைப் பக்கம். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற கூலிக் குடும்பம். கட்டிக்கொண்டவர் மலை ரோடு போடுகிற வேலைக்குப் போனார், நானும் கூடவே ஏறினேன். ரோடு பாதி மலை ஏறுவதற்குள் பாறை சரிந்து அவர் போய்விட்டார். கீழே இறங்கிப் போய் யார் வாசலிலும் நிற்க எனக்கு மனசில்லை. காட்டு நாற்றங்காலில் பை நிரப்பும் கூலியாகச் சேர்ந்தேன். மண் சலிப்பது, எரு கலப்பது, தண்ணீர் ஊற்றுவது. கோடை வந்தால் அதே சம்பளத்துக்குத் தீக்காவல். காவலுக்குப் பொம்பளையா என்று சிரித்தவர்கள் உண்டு. ஒரே கோடையில் சிரிப்பு நின்றுவிட்டது.

வேலை இப்படி. மாசி பிறப்பதற்கு முன்பே தீக்கோடு வெட்ட வேண்டும். மூன்று ஆள் படுக்கிற அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, சருகைக் கூட்டி, வெறும் மண் தெரிய விட வேண்டும். பிறகு காடு முழுக்கத் தெரிகிற பரண்பாறை மேல் ஏறி உட்கார வேண்டும். வெள்ளையாக, பரவலாகப் புகை வந்தால் புல். மஞ்சள் கலந்து கனமாகக் கிளம்பினால் பச்சைத் தழை. கறுத்துச் சுருண்டால் மூங்கில். மூங்கிலுக்குப் போய்விட்டால் அதை அணைக்க ஆள் கிடையாது, சுற்றி வளைத்துக் காத்திருக்கத்தான் முடியும். புகை கண்டால் தகர டின்னை அடிக்க வேண்டும். ஓடிப்போய்ப் பச்சைக் கொப்பு ஒடித்து, தீயின் முகத்தில் நிற்காமல், அதன் பின்வாலிலிருந்து அடித்துக்கொண்டே வர வேண்டும். கொப்பை ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். அமுக்கி இழுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ரேஞ்சர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். வேட்டை நாய் மாதிரி நடப்பார், ஆனால் குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்கிற பழக்கம் அவருக்கு. முதல் பதிலை வாங்கிக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றி, நான்காக மடித்த கைக்குட்டையால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்பார். இரண்டாவது பதில் ஒரு சொல் மாறினாலும் முதல் பதில் பொய் என்று எடுத்துக்கொள்வார். பெரிய பெரிய மரம் வெட்டிகள் அந்த இரண்டாம் கேள்வியில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கைநாட்டு வைக்க விடாதவரும் அவர்தான். "நாலு மாசம் டயம். உன் பேரை நீயே எழுதணும். இல்லேன்னா கூலி வாங்க வராதே" என்றார். நாற்றுப் பைகளில் கட்டும் அட்டைகளை வைத்துக்கொண்டு வேங்கை, நெல்லி, கடுக்காய் என்று எழுத்துக் கூட்டினேன். பெயர் எழுத வந்த அன்று அவர் ஒரு பென்சிலைக் கொடுத்தார். பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பென்சில் கட்டைவிரல் அளவுக்குத் தேயும் வரை வைத்திருந்தேன்.

நான் காவல் இருந்த ஊரை வேங்கைப்பாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேண்டாம். வெள்ளிமலையிலிருந்து நடந்தால் அரை நாள். முப்பது சொச்சம் வீடு, எல்லாம் புல் கூரை. சாமை, தினை, கேழ்வரகுதான் விளைச்சல். ஏர் போகாத சரிவைக் கொத்தி விதைப்பார்கள், கொத்துக்காடு என்று பெயர். விதைப்பதற்கு முன் அந்தச் சரிவை எரிக்க வேண்டும். சட்டப்படி எரிக்கக்கூடாது. எரித்தார்கள்.

எரிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். அடுப்பவிப்பு என்று சொல்வார்கள். மாசி மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலையில் ஊரில் இருக்கிற எல்லா அடுப்பையும் தண்ணீர் ஊற்றி அவிப்பார்கள். சாம்பலுக்குள் கங்கு இருக்கக்கூடாது. விளக்கு கூடாது, பீடி கூடாது. தீப்பெட்டி வைத்திருப்பவர்கள் அம்மன் கோயில் முன்னால் வைத்த முறத்தில் போட்டுவிட வேண்டும். ஊரிலே நெருப்பு என்பதே இல்லை என்று ஆன பிறகு பூசாரி இலவம் பஞ்சைக் கிள்ளி மேலே விடுவார். அது முகத்துக்கு வந்தால் அம்மன் ஒப்பவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் பழைய கூழைக் குடிக்க வேண்டியதுதான். மறுநாளும் அதே. ஒரு வருஷம் ஐந்து நாள் அடுப்பில்லாமல் கிடந்தார்கள். பஞ்சு சரிவுப் பக்கம் போனால், பூசாரி கல்லைத் தட்டி ஒரே ஒரு நெருப்பு எடுப்பார். அதிலிருந்துதான் எல்லோரும் பற்றவைக்க வேண்டும். சரிவைச் சுற்றி எந்த வீட்டு ஆள் எந்த இடத்தில் கொப்போடு நிற்பது என்று தாத்தன் காலத்துக் கணக்கு. கடுக்காய் மரங்களைச் சுற்றி முதலிலேயே கூட்டி வைத்திருப்பார்கள். எரித்து முடித்த பிறகு ஆளுக்கொரு உடைந்த சட்டி ஓட்டில் அந்தக் கங்கை எடுத்துப் போய் வீட்டு அடுப்பை மூட்டுவார்கள். இந்த வருஷம் எரித்த சரிவை இன்னும் ஆறு வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாது. தொட்டவன் வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள்.

அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போது எனக்குத் தெரியாது. கீழே இருந்து போனவள் நான். முதல் முறை பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சடையன் பூசாரி பார்த்துவிட்டார்.

"கீழ்நாட்டுப் புள்ளைக்கு இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. பஞ்சுக்கு இம்மாம் மரியாதையான்னு பாத்தேன்."

"பஞ்சுக்கு இல்ல புள்ள. அது போற பக்கத்துக்கு" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மூன்றாவது வருஷம் ரேஞ்சர் என்னிடம் கேட்டார். "வேங்கைப்பாடியில எப்போ நெருப்பு வைக்கிறாங்க?"

எனக்கு அது தெரியும். காவல்காரர்கள் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு கர்வம். "மூணாஞ் செவ்வாய்ங்க" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "வேங்கைப்பாடியில எப்போ நெருப்பு வைக்கிறாங்க?"

"மூணாஞ் செவ்வாய்ங்க. பூசாரிதாங்க மொத நெருப்பு எடுப்பாரு."

கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார். கீழே என் பெயரை அழகாக எழுதினேன். மேலே என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. என் பெயருக்கு மேலே படிக்கிற அளவுக்கு அப்போது எழுத்து வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. முயற்சி செய்திருந்தால் முடிந்திருக்கும். பெயர் எழுதுகிற சந்தோஷமே போதுமாக இருந்தது.

மூன்றாம் செவ்வாய் காலையில் ஆட்கள் வந்தார்கள். சடையன் பூசாரியைக் கையில் இருந்த கல்லோடு பிடித்தார்கள். கீழே கொண்டுபோய்ப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். இனி என் கையால் காட்டில் நெருப்பு வைக்கமாட்டேன், வைத்தால் எந்தத் தண்டனைக்கும் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஊர் அடுப்புகள் அவித்தபடியே நாள் முழுக்கக் கிடந்தன. பொழுது சாய்கிற நேரத்தில் யாரோ முறத்திலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார்கள். பிறகு எல்லோரும் எடுத்தார்கள்.

நான் நாற்றங்கால் ஓரத்தில் ஒரு புல் குடிசையில் இருந்தேன். பக்கத்து வீடு குப்பாயியுடையது. தினமும் காலையில் அவள் அடுப்பிலிருந்துதான் நான் கங்கு எடுப்பேன். மலையில் நெருப்பு கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். பூசாரியைப் பிடித்துப்போன மறுநாள் ஓட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் நின்றேன்.

"எங்க வூட்டு அடுப்பு அவிஞ்சுபோச்சு" என்றாள் குப்பாயி.

அவள் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் தீப்பெட்டி கிழித்துத்தான் சமைத்தேன். பூசாரி ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறு வருஷம் மாசியில் அடுப்பவிப்பு நடக்கவில்லை. ரேஞ்சர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். நானும் வேலை நன்றாக நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பங்குனியில் ஒரு நாள் உச்சி வெயில். பரண்பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். கீழ்ச்சரிவில் ஒரு புகை கிளம்பியது. வெள்ளைப் புகை. எழுந்து நிற்பதற்குள் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. நான்காவதும் தெரிந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. விதைக்காமல் இருக்க முடியாது. சேர்ந்து எரித்தால் பிடிப்பார்கள். அதனால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக, பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல், தன் துண்டுக்கு மட்டும் ஒரு குச்சி கிழித்திருக்கிறது. நான்கு வீடும் ஒரே பகலைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. பஞ்சு விட்டுப் பார்க்க யாரும் இல்லை. காற்று கீழிருந்து மேலே வீசிக்கொண்டிருந்தது. மேலே ஊர் இருந்தது.

டின்னை அடித்துக்கொண்டே ஓடினேன். நான் ஊருக்குள் நுழைவதற்குள் நான்கு புகையும் ஒன்றாகிவிட்டன. நல்ல வேளையாக ரேஞ்சர் அன்று மலையில் இருந்தார். புகை பார்த்து ஜீப்பில் இரண்டு காவலர்களோடு வந்து சேர்ந்தார். சரிவுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை போகும். அதுதான் எங்களுக்குக் கடைசித் தீக்கோடு. அதற்குக் கீழே முழுக்க இடுப்பளவுக் காய்ந்த புல். பாதைக்கு மேலே இருபது தப்படியில் முதல் கூரை. நடக்க முடியாத கிழங்கட்டைகள் ஆறேழு பேர் வீடுகளுக்குள் படுத்திருந்தார்கள். தூக்கிப்போக ஆள் இல்லை. ஆண்கள் பாதிப் பேர் காட்டில் எங்கெங்கோ இருந்தார்கள்.

ரேஞ்சர் ஒரு முறை கீழே பார்த்தார். "எதிர்த்தீ வைக்கணும்" என்றார். வருகிற தீ இங்கே வந்து சேர்வதற்குள் பாதையோரப் புல்லை நாமே எரித்துவிட வேண்டும், வந்து பார்த்தால் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்கக்கூடாது. காவலர் இருவரையும் பாதையின் இரண்டு முனைக்கும் அனுப்பினார். நடுவில் நான் நின்றேன். பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். "கொளுத்து."

கையில் வாங்கிய பிறகுதான் பாதையோரத்தில் உட்கார்ந்திருந்த சடையன் பூசாரியைப் பார்த்தேன். மடியில் ஒரு சின்னப் பை. அவர் என்னைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ரேஞ்சரை விட்டுவிட்டு அவரிடம் போனேன். "ஐயா, இப்ப வெக்கலாமுங்களா?"

"என்னை ஏன் கேக்கிற? நெருப்பைத் தொடமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கிறேன்."

"நீங்க தொட வேணாம். நான் தொடுறேன். எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

கீழே ஒரு மூங்கில் புதர் வெடித்தது. துப்பாக்கி மாதிரிச் சத்தம்.

"ஊர்ல எல்லா அடுப்பும் அவிஞ்சுதா?" என்று கேட்டார்.

ரேஞ்சருக்கு அது காதில் விழுந்தது. "இதென்னய்யா, இப்போ போய் அடுப்பு" என்றார்.

ஆனால் அந்தக் கேள்வி ஊருக்குள் ஓடியது. வாசல் வாசலாகக் குடத்தோடு ஓடினார்கள். அவித்தவர்கள் அப்படியே கையில் கொப்போடு பாதைக்கு வந்து நின்றார்கள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அதுவரை டின் அடித்தும் வராத பெண்கள், உலை கொதிக்கிறது, வந்துவிடுகிறேன் என்று உள்ளே இருந்தவர்கள், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அடுப்பு அவிந்த வீட்டில் யாருக்கும் வேலை இல்லை.

ஒவ்வொரு பக்கமாகக் குரல் வந்தது. மேலத்தெரு அவிஞ்சுது. கோயிலடி அவிஞ்சுது. ஆத்தோரம் அவிஞ்சுது. கடைசிக் குரலும் முடிந்தது. பூசாரி பையைப் பிரிக்கப் போனார்.

"அவ அடுப்பு?" என்றாள் குப்பாயி. கொப்பால் என்னைக் காட்டினாள்.

ஒரு வருஷமாக என் வீட்டை ஊர்க் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. அதனால்தான் கேட்கவில்லை. காலையில் உலை இறக்கிவிட்டுக் கங்கைச் சாம்பலில் புதைத்துவிட்டுப் போயிருந்தேன், தீக்குச்சி மிச்சமாகட்டும் என்று. கதவைப் பூட்டியிருந்தேன். அவிந்துவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. தீ இருந்த தூரத்துக்கு அப்படிச் சொல்வதுதான் புத்தி என்றும் தோன்றியது.

"அவியலீங்க. சாம்பல்ல கங்கு இருக்குது. பூட்டிக்கினு வந்துட்டேன்" என்றேன்.

"பூட்டு கெடக்குது" என்று சொல்லிவிட்டுக் குப்பாயி குடத்தோடு ஓடினாள். கதவை உதைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குடம் காலியாக இருந்தது. "உன் களியும் போச்சு" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

பூசாரி பஞ்சுப் பையை என்னிடம் கொடுத்தார். "ஒரே குச்சி. ரெண்டாவது கிழிக்காத. மொதல்ல பஞ்சு."

ஒரு கிள்ளு எடுத்து விட்டேன். முகத்தில் வந்து ஒட்டியது.

"கொளுத்து, பூங்காவனம்" என்றார் ரேஞ்சர்.

இன்னொரு கிள்ளு. என் தலைக்கு மேலே போய், பாதையைத் தாண்டி, முதல் கூரையில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். நான் குச்சி கிழித்திருந்தால் அந்த இடத்தில் பஞ்சுக்குப் பதில் பொறி உட்கார்ந்திருக்கும்.

தீ இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்பு இல்லை, அந்த வெயிலில் தீக்கு நிறம் இல்லை. புல்லுக்கு மேலே காற்று நெளிந்தது, அவ்வளவுதான், பிறகு புல் கறுப்பானது. முயல்கள் எங்கள் காலுக்கு நடுவே ஓடின. கன்னம் எரிந்தது. முனையில் நின்ற காவலர்களில் ஒருவர் பாதையை விட்டு நாலடி பின்னால் போய்விட்டார்.

மூன்றாவது கிள்ளு. நேராக மேலே போய், திரும்ப என் மேலேயே விழுந்தது.

அன்றைக்குத்தான் ரேஞ்சர் குரலை உயர்த்தியதைக் கேட்டேன். "கொளுத்துடி. இது ஆர்டர்."

தீப்பெட்டி என் கையில் நனைந்துகொண்டிருந்தது. வேர்வை. எனக்கு வேலையும் அவர் கொடுத்தது, எழுத்தும் அவர் கொடுத்தது. எதிர்த்தீ என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவர் சொன்னதில் தப்பு இல்லை. எப்போது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. நான் கொளுத்தவில்லை. "பஞ்சு திரும்பலீங்க" என்றேன். அவர் என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்க வந்தார். எப்படி என்று தெரியவில்லை, எனக்கும் அவருக்கும் நடுவில் குப்பாயி நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இன்னும் நான்கு பெண்கள். கையில் கொப்பு இருந்தது.

நான்காவது கிள்ளை விட்டேன்.

அது போகவே இல்லை. என் கண் உயரத்தில் அப்படியே நின்றது. முதுகில் ஏதோ குளிர்ச்சியாகத் தொட்டது. ஊர்ப் பக்கத்திலிருந்து காற்று. பெரிய தீ பக்கத்தில் வந்துவிட்டால் அது மூச்சு இழுக்கும், சுற்றியிருக்கிற காற்றையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். அதை நான் பிறகுதான் யோசித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்தது பஞ்சு மட்டும்தான். அது மெதுவாகத் திரும்பியது. பாதையைத் தாண்டி, புல்லுக்கு மேலே, தீயைப் பார்த்துப் போனது.

"அம்மன் வாங்கிக்கினா" என்றார் பூசாரி.

ஒரே குச்சி கிழித்தேன். பற்றியது. ஒரு பிடி புல்லில் வாங்கி வலது பக்கத்து ஆளுக்கும் இடது பக்கத்து ஆளுக்கும் கொடுத்தேன். கை மாறி கை மாறி அந்த நெருப்பு பாதை நெடுக ஓடியது. நாங்கள் வைத்த தீ ஆளைப் பார்க்காமல் கீழே பார்த்து ஓடியது, தாயைப் பார்த்த கன்றுக்குட்டி மாதிரி. நடுச்சரிவில் இரண்டும் முட்டிக்கொண்டன. பனை உயரத்துக்கு ஒரு முறை எழுந்து, ஒரு பெரிய சத்தம் போட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கறுப்புத் தரையும் புகையும்தான். பாதையைத் தாண்டிய பொறிகளைப் பெண்கள் கொப்பால் அமுக்கினார்கள். ஒரு கூரையும் போகவில்லை. கீழ்ச்சரிவில் கடுக்காய் மரங்கள் போயின. எத்தனை தலைமுறை மரங்கள் என்று கேட்காதீர்கள்.

பொழுது இறங்குகிற நேரத்தில் ரேஞ்சர் ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து எழுதினார். என்னைக் கூப்பிட்டு நீட்டினார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்தார்.

நான் மேலே இருந்து படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. நான் அவ்வளவு மெதுவாகப் படித்ததை அவர் பார்த்ததில்லை. கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், வைத்தார். நான் நிறுத்தவில்லை. நான்காவது வரியில், தீ வைத்தவன் சடையன் பூசாரி என்று இருந்தது.

"ஐயா, இவரு வெக்கலீங்க."

"காடு எரிஞ்சிருக்கு. மேலிடத்துக்கு ஒருத்தன் பேரு சொல்லணும். யார் யாரு கிழிச்சாங்கன்னு எவனும் சொல்லமாட்டான். இவன் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவன்."

"இன்னிக்கு இங்க நெருப்பு வெச்சது நானுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். புகையில் மங்கிப்போயிருந்தது. நெடுநேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு இங்க நெருப்பு வெச்சது யாரு?"

"நானுங்க" என்றேன்.

வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. போன வருஷம் சேர்த்ததற்கு அதுவே கணக்கு.

அவர் என்னையே பார்த்தார். "ஆர்டரை மீறினதும் நீதான். உன் வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியுங்க."

பேனாவை என் பக்கம் தள்ளினார். "அப்போ நீயே எழுது." இன்னொரு தாள் எடுத்து வைத்தார். நான் ஒரே ஒரு வரி எழுதினேன், கீழே பெயர் எழுதினேன். அவர் முதல் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதைக் கிழித்தாரா, வைத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. பூசாரியைத் தேடி யாரும் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

சொன்னபடி வேலை போனது. ஒன்றரை வருஷம் சாமைக்காட்டில் களை எடுத்துச் சாப்பிட்டேன். பிறகு வந்த வேறொரு ரேஞ்சர் தீயைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டார். வேலை நிரந்தரமாகி, காக்கிச் சேலை கட்டி, கௌரவமாகத்தான் ஓய்வு பெற்றேன். அதெல்லாம் இருக்கட்டும்.

அன்றைக்கு அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுக் குடிசைக்குப் போனேன். பூட்டு உடைந்து தொங்கியது. அடுப்பெல்லாம் தண்ணீர். சாம்பல் சேறாகி, என் களி அதில் மிதந்தது. இடுப்பில் ரேஞ்சரின் தீப்பெட்டி இருந்தது, ஒரு குச்சி குறைய முழுசாக. அதை எடுத்து மூலையில் வைத்துவிட்டு, ஈர அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். பசித்தது. ஆனாலும் கிழிக்கத் தோன்றவில்லை. வெளியே ஊர் ஓடு ஓடாகக் கங்கு எடுத்துப் போகிற சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தமும் கேட்டது.

எல்லாம் ஓய்ந்த பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குப்பாயி கூப்பிட்டாள்.

"ஏ பூங்காவனம். எங்க வூட்டு அடுப்பு எரியுது. ஓடு எடுத்துக்கினு வா."